நீல ரிபன்

அன்பான அக்கா,

அம்மா நித்திரையான பிறகு எழுதுகிறேன். கசட் தேயத் தேய நாம் கேட்ட அந்தப் பாட்டுக்காரர், இயக்கத்துக்கு ஆள் சேர்க்க எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் வாய் திறக்க முன்னமே நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

அவர் பாட்டின் நடுவில் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு பங்கர் குழிக்குள் முதலில் பாய்ந்தவர் அவர்தான். குண்டு விழும்போது காதுக்குப் பாதுகாப்பாகப் பல்லிடையில் துணி கடிக்க வேணும் என்பதுகூட அந்த வீரருக்குத் தெரியாது. நீங்கள் குவைத்திலிருந்து அனுப்பிய நீல ரிபன் இரண்டில் ஒன்றைப் பின்னலிலிருந்து அவிழ்த்து அவர் வாயில் திணித்தேன்.

"பக்கத்திலயே இரு பிள்ள" என்று என் கையைப் பிடித்து அழுதார்.

பொம்மர் போனதும் தலையைச் சீவிக்கொண்டு மேடையேறி, சாவுக்கு அஞ்சாதே என்று பாடினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நானும் பயந்தேன் அக்கா. ஆனாலும் இரண்டு பிள்ளைகளை மடியில் அணைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாளைக்கு என்னை ஏற்ற இயக்கத்தின் வண்டி வரும். அது வர முன்னம், விடிய முன்னமே ஏறாவூருக்கு, குவைத்தில் உங்களோடு வேலை செய்த ஸகியா அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். கோழை என்பார்கள். அவருக்குக் கை தட்டியவர்கள்தானே, சொல்லட்டும்.

எச்சில் ரிபனை நான் திருப்பிக் கேட்கவில்லை. மற்றதால் ஒற்றைப் பின்னல் கட்டியிருக்கிறேன். என் தலைக்கு அது போதும்.

உங்கள் தங்கச்சி