அக்கா கொடுத்த லேகியம்

மாமாவுக்கு உங்கள் மனைவி வேணி எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. போனில் நான் கத்தினால் வைத்துவிடுகிறீர்கள்; அதனால்தான் திருப்பூரிலிருந்து இந்தக் கடிதம்.

நேற்று வீடியோவில் உங்கள் பின்னால் லேகிய டப்பாவைப் பார்த்தேன். கேட்டதும் உங்கள் அக்கா குறுக்கே வந்தார். "எதிர்ப்பு சக்திக்குத்தானே குடுக்குறேன், என் தம்பியக் கொல்லவா போறேன்?" என்றார். உங்களுக்காகக் கிட்னி கேட்டபோது செட்டிகுளம் கோயிலில் வேண்டுதல் என்று நழுவியவர், இப்போது லேகியத்தோடு வந்திருக்கிறார்!

அந்தச் சக்தியை அடக்கத்தானே டாக்டர் தினமும் மாத்திரை தருகிறார்? அது கூடினால் முதலில் அடித்து விரட்டுவது உங்களுக்குள் இருக்கும் என் கிட்னியைத்தான்.

இதைப் படித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் விடாதீர்கள். போடும்போது வீடியோவில் வாருங்கள். திட்டமாட்டேன், முகம் காட்டினால் போதும்.

கம்பெனியில் மணி அடித்துவிட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றுதான், மாமா. அதைத் தர முடியாது.

வேணி