தார்ப்பாயும் ஸ்வெட்டரும்

ஜெர்சி அப்பாவுக்கு,

ஷிப்டு முடிந்து வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். சோறு பானையில் இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது. நானும் பிள்ளை ஜெர்சியும் செங்கல் சூளைக்குப் போகிறோம்.

இந்த வாரம் மலையில் உறைபனி, கடலோர மாவட்டங்களில் மழை என்று ரேடியோவில் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். உங்கள் காதில் மலை மட்டும் விழுந்தது. "ஊட்டில ஐஸ் வுழுதாம்மே!" என்று குதித்தீர்கள். சுங்குவார்சத்திரத்தில் மழை பெய்யாதா?

பத்து நாளாய் நான் மண் மிதித்து அறுத்த பச்சைக்கல், இன்னும் சுடாதது, வெட்டவெளியில் காய்கிறது. அதை மூடுகிற தார்ப்பாயை, நீங்கள் ஊட்டிக்குப் போகிற டூர் பஸ் மேலே பெட்டிகளுக்குப் போர்த்திவிட்டு வந்திருக்கிறீர்கள். தூ! நனைந்த கல் சேறுதான், அது சூளையில் ஏறாது. பனையோலை எத்தனை கல்லை மூடும்?

பஸ் ஆறு மணிக்குத்தான். அதற்குள் தார்ப்பாயை அவிழ்த்து வாருங்கள்.

அன்னபுஷ்பம்

சாவியைப் பக்கத்து வீட்டுப் பலராமனிடம் கொடுங்கள்.

இன்னொன்று. பையில் ஸ்வெட்டரைத் தேடாதீர்கள். அது என்னோடு சூளையில் இருக்கிறது. தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு வாங்கிப் போங்கள்.