பாய்மரம் முறிந்த ரப்பர் வத்தை

மச்சான்,

இந்த அறைக்குள் இப்போது அடிக்கும் வாடை உனக்குத் தெரியும். ஸ்டாம்ப் போட்டுவைத்த பிஸ்கட் டப்பாவைத் திறந்ததுமே எழுந்து வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. பழைய ரப்பர், காய்ந்த மை, அதற்கு மேல் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் எப்படி வந்தது என்று அவசரப்படாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

நான் சிறைப்பட்டிருக்கிறேன். இராமநாதபுரம் சீமையில் மன்னர் காலம் தொட்டு இப்படியொரு கைதி இருந்ததில்லை. சொந்த வீட்டில், சொந்த அறையில், சொந்தக் கையால் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஹாலில் உன் மகள் ஃபரிதா. என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, அவளுக்கு இரண்டாவது டீயும் கொடுத்துவிட்டாள். ஜன்னல் வழியாகத் தப்பலாம் என்றால், கம்பிகளுக்கு நடுவே என் வயிறு நுழைய ஒரு நோன்பு மாதம் போதாது. தொடர்ந்து ஏழு வேண்டும்.

எல்லாம் அவள் நிக்காஹ் அழைப்பிதழால் வந்தது. அச்சகத்தில் வாசகத்தை மட்டும் அடித்து, மேலே வெற்றிடம் விட்டு, இருநூறு அட்டையும் கொஞ்சம் உதிரியும் பத்து நாளைக்கு முன் கொண்டுவந்து கொடுத்தாள்.

“எல்லா அட்டையிலயும் அத்தாவோட வத்தை இருக்கணும் மாமா. அத்தாதான் வர முடியாது. அதாச்சும் வரட்டும்.”

நீ ரப்பரில் செதுக்கி மரக்கட்டையில் ஒட்டிய பாய்மரப் படகு, அந்த வத்தை ஸ்டாம்ப், போன மழைக்காலத்தில் நீ கண்ணை மூடியதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. “என் உசுரு மாதிரி வச்சிருக்கேன் தாயி” என்று மார்தட்டினேன்.

அன்று சாயங்காலமே கொலையில் இறங்கினேன். காய்ந்த மை போகட்டும் என்று மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மறுநாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். இரண்டுமே ஆகாது என்று நீ லட்சம் தடவை சொல்லியிருக்கிறாய். “ரப்பரைக் குளிப்பாட்டாதே மாப்ளே, மூஞ்சிய மட்டும் தொடச்சு விடு.” குளிப்பாட்டினேன். அப்பளமாய் உப்பி, பாய்மரத்தின் குறுக்கே வெடித்துவிட்டது.

கொலைகாரன் அடுத்து என்ன செய்வான்? தடயத்தை மறைப்பான். உன் பழைய பெருநாள் வாழ்த்து அட்டை ஒன்றைப் படமெடுத்து அனுப்பி, அதே வத்தையைக் கண்ணாடி ஸ்டாம்பாகச் செய்து தருவித்தேன். கண்ணாடி என்பது நாம் வைத்த பெயர். அது பாலிமர், ஜெல்லி மாதிரி அக்ரிலிக் கட்டையில் ஒட்டிக்கொள்ளும், ஊடே பார்த்து அடிக்கலாம்.

நம் பழைய வழக்கு நினைவிருக்கிறதா? இராமேஸ்வரம் லாட்ஜ்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்கு அட்டை அடிக்கப் போன இடத்தில் காற்று வந்து, பாம்பனில் பஸ்ஸையும் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். ஒரே அறையில் மூன்று நாள். என் அளவில் மூன்று யுகம். புதிதாக வாங்கியிருந்த கண்ணாடி ஸ்டாம்புகளுக்கு நான் பட்டாபிஷேகமே நடத்தினேன். “உன் கட்டை குருட்டுக் கட்டை மச்சான். இங்க பாரு, எங்கன விழும்னு தெரியுது!”

மை அதில் பிடிக்காமல் முத்து முத்தாய் உருண்டு நின்றது. நீ எட்டிப் பார்த்தாய்.

“என்ன மாப்ளே, ஒன் கண்ணாடிக்கு வேர்க்குது?”

நீ சொல்லி வாயை மூடுவதற்குள் அது கட்டையை விட்டு நழுவி அட்டையில் குப்புற விழுந்தது. நீயோ உன் மரக்கட்டையை எடுத்து, மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி அமுக்கினாய். ரப்பர் மையைக் குடித்திருந்தது. வத்தை கன்னங்கரேலென்று பதிந்தது. ஆனால் கட்டை மறைப்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வு. கேலி செய்தால், “கடல் என்ன சிமெண்டு ரோடா?” என்றாய்.

மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டாய். என்னுடைய குட்டிக் கண்ணாடிக் கொடியைத் திருடி, ஒவ்வொரு பாய்மர நுனியிலும் சிவப்பாக வைத்துக்கொண்டிருந்தாய். “கொடிக்குக் கண்ணு வேணும்ல” என்றாய் தரையைப் பார்த்து. தோல்வியை ஒத்துக்கொண்ட அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் மூன்று நாள்கூட அங்கே அடைந்து கிடந்திருப்பேன்.

இன்று காலை கண்ணாடி வத்தையால் உதிரி அட்டையில் பத்து அடித்துப் பார்த்தேன். (இதை எழுதுவது அவற்றின் முதுகில்தான்.) ஒரு நூல் பிசகவில்லை. பத்தும் போலீஸ் அணிவகுப்பு போல நிற்கின்றன. ஒன்றுகூடத் தண்ணீரில் இல்லை. கொடுத்தால் ஃபரிதா கண்டுபிடிப்பாளோ என்பதல்ல என் பயம். அவள் கண்டுபிடிக்காமல் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய்விட்டால்? அதன்பின் இந்தத் தாழ்ப்பாளை நான் எந்தக் காலத்தில் திறப்பது?

தட்டுகிறாள். “மாமா, உள்ள என்ன தங்கமா காய்ச்சுறீங்க?”

“இந்தா வாரேன் தாயி.” இது ஏழாவது தடவை. போகிறேன் மச்சான். அங்கே யாரிடமாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வை.

சாயங்காலமாகிவிட்டது, மிச்சத்தை எழுதுகிறேன். உயிர் இருக்கிறது.

அவளை அறைக்குள் கூப்பிட்டு, இரண்டு ஸ்டாம்பையும் அவள் முன்னால் வைத்தேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு விஷயத்தைக் கூட்டாமல் சொன்னேன்: “நான்தான் கெடுத்தேன்.”

அவள் கட்டையை எடுத்து முகர்ந்தாள். “மண்ணெண்ணெயா?”

தலையாட்டினேன். பேடில் ஒற்றி, ஓர் அட்டையில் அமுக்கினாள். வத்தை விழுந்தது, பாய்மரத்தின் குறுக்கே வெள்ளையாய் ஒரு கீறல். அந்தக் கீறலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“அத்தா இல்லாம ஒரு வருசம் ஓடியிருக்கு மாமா,” என்றாள். “மரம் முறியாமயா இருக்கும்?”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி வத்தையை என் பக்கம் தள்ளினாள். “இது நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இந்த ஒடஞ்சதுதான் வேணும். அந்தச் செவப்புக் கொடி இன்னும் இருக்குல்ல? நேரா வைங்க. இருநூறும் முடிக்காம வெளிய வராதீங்க.” சொல்லிவிட்டு வெளியே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். உன் தங்கச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஆக, மறுபடியும் சிறை. வத்தைக்கு உன் கட்டை. அது அதன் இஷ்டத்துக்குச் சாய்கிறது. கொடிக்கு என் கண்ணாடி. முறிந்த மரத்தின் நுனி ஊடே பளிச்சென்று தெரிகிறது. தெரிந்தும் என்ன? அமுக்கும் நொடியில் மூச்சு தானாக நிற்கிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது. பாதிக் கொடிகள் மரத்தை விட்டுத் தள்ளிப் பறக்கின்றன.

தாழ்ப்பாள் திறந்ததும் திட்டு விழும். பதில் தயாராக வைத்திருக்கிறேன் மச்சான், உன்னுடையதுதான்: கடல் என்ன சிமெண்டு ரோடா?