ஓட்டு மேல் போட்ட பல்

வில்லாபுரம்,
மதுரை.

அன்பு மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பசுமலை ஆனிமேரி மகன் உங்கள் ஊருக்குப் படிக்க வருகிறான், மாவடுவும் பருப்புப் பொடியும் கொடுத்துவிட்டிருக்கிறேன், அதோடு இந்தக் கடிதமும். போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். உன் மகள் ஐரின் சைக்கிளில் விழுந்து முன்பல் போன அன்று, நீ நர்சு அல்லவா, முதல் வார்த்தையாகப் பல் எங்கே, பாலில் போட்டீர்களா என்று கேட்டாய். நான் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். அப்பா பக்கத்தில் நின்றார்.

நடந்தது இதுதான். நம் தெரு முக்கில் வேகத்தடையில் ஏறி இறங்கியதில் குப்புற விழுந்தாள், பல் வேரோடு வந்துவிட்டது. பத்து வயசுப் பிள்ளை, பால் பல் என்றே அப்பா நினைத்துவிட்டார். எடுத்துக் கழுவி, சின்னதில் உன் பல்லையும் அவள் பல்லையும் போட்ட அதே அடுக்களை ஓட்டு மேல் வீசினார், புதுசா முளைச்சிரும் தாயி, அழுகாத என்று கண்ணைத் துடைத்துவிட்டார். அப்புறம்தான் காளவாசலில் பல் டாக்டரம்மாவிடம் போனோம். அவரும் நீ கேட்டதையே கேட்டார். இது பால் பல் இல்லை, இனி முளைக்காது, உடனே கொண்டுவந்திருந்தால் திரும்ப வைத்துப் பார்த்திருக்கலாம் என்றார். அப்பா கதவோரம் போய் நின்றுகொண்டார்.

பல் போன இடத்தில் எலும்பு கரைந்து தாடை உள்வாங்கிவிடுமாம், வளர்ந்தபின் நிலையான பல் வைக்கப் பிடிமானம் இருக்காதாம். அந்தக் குழியில் எலும்புத் தூளை வைத்து மேலே மெல்லிய சவ்வு போட்டுத் தைத்தால், அதைப் பற்றிக்கொண்டு அவள் எலும்பே வளரும் என்று படம் வரைந்து காட்டினார். பின்னால் இன்னொரு தடவை செய்ய வேண்டி வந்தாலும் வரும் என்பதையும் மறைக்கவில்லை. நீயும் போனில் சரி என்றாய். தூள் எதில் செய்தது என்று கேட்டேன், மாட்டு எலும்பைச் சுத்தம் பண்ணியது என்றார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "மாட்டெலும்பு எதுக்கும்மா, என் எலும்ப எடுத்துக்கங்க. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க." டாக்டரம்மா சிரிக்கவில்லை. உங்க எலும்பு உங்களுக்கு வேணும்யா, இதுவே போதும் என்றார்.

தையல் பிரித்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. ஊசி போடும்போது உன் பிள்ளை முணுக்கென்று ஒரு சத்தம் போடவில்லை, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் சிரித்தால் கையால் வாயை மூடுகிறாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்கு நிற்க மாட்டேன் என்கிறாள். கழற்றி மாட்டுகிற பல்லுக்கு அளவெடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு, ஓட்டுல முளைச்சிருச்சா தாத்தா என்று அப்பாவைக் கேலி பண்ணினாள், விளையாட்டாகத்தான். அவர் சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். நீ போன் பண்ணும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போவதும் அதனால்தான்.

போன சனிக்கிழமை நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு ஓடாகத் தூக்கிப் பார்த்தார். கிடைத்தாலும் இனி ஆகாது என்று அவருக்கும் தெரியும். ஐரின் பல் கிடைக்கவில்லை. பாசியில் ஒட்டி அரிசி மாதிரி ஒரு பால் பல் கிடைத்தது. ஹெப்சி பல்லு என்கிறார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்திருக்கிறார். உன் போன் அடித்தால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் மோட்டார் பக்கம் போகிறார்.

அடுத்த தடவை பேசும்போது பிள்ளையைக் கேட்காதே, என்னைக் கேட்காதே. முதலில் அப்பாவைக் கூப்பிடச் சொல். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். அவர் வரும்வரைக்கும் போனை வைத்துவிடாதே. கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மாவடு பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே.

உன்னை நினைத்தபடி,
அம்மா பாக்கியம்