திருப்பிக் கொடுத்த வெற்றிலை

அமரவிளை,
கொல்லம் 1101 ஐப்பசி 5

சிரஞ்சீவி சதாசிவனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

வெள்ளமும் வந்து மூலம்திருநாள் மகாராசாவும் நாடு நீங்கிக் காலமான அந்த ஆடியில்தான் மக்கா, நீ முதலில் எழ முடியாமல் படுத்தாய். அதற்கு முந்தின மாதமெல்லாம் உறக்கமில்லாமல் திரிந்து, சந்தையில் கண்டவனையெல்லாம் மல்லுக்கு அழைத்தாய். சாமி வந்திருக்கிறது என்று ஊரார் மாலை போட்டார்கள். பொன்னப்பன் வைத்தியர்தான், "உறக்கம் கெட்டா ஏறும், ஏறினா எறங்கும், இது சாமியில்ல, தீனமாக்கும்" என்றார். அவர் தந்த எண்ணெயைத் தலைக்கு வைக்கிறாயா? மல்லுக் கொட்டகை முதலாளிக்கு உன் ஏற்றம் மட்டும்தான் வேண்டும்.

தாணுலிங்கம் (கைநாட்டு)

கோட்டாறு,
கார்த்திகை 10

அப்பாவுக்கு நமஸ்காரம்.

எண்ணெய் வைத்தால் உடம்பு தளரும் என்று முதலாளி நிறுத்திவிட்டார். மார்கழியில் மல்லுக்கு நிற்பதாக ராபின்சன் பயில்வானிடம் வெற்றிலை வாங்கியிருக்கிறேன். இப்போது பாயைவிட்டு எழ முடியவில்லை. கஞ்சி கொண்டுவரும் செல்லபாய் அக்கா, "பயில்வானே, ஈ ஓட்டவாவது கை தூக்கும்" என்கிறாள். பெற்றவர் கோதாவில் ஏறி வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால்தான் விடுவார்கள். அப்புறம் எந்தக் கோதாவும் என்னைச் சேர்க்காது. போகட்டும். வாருங்கள் அப்பா.

சதாசிவன்

கோட்டாறு,
கார்த்திகை 27

அப்பா,

முன் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். தெளிந்துவிட்டேன்! உறக்கமே வரவில்லை, உறக்கம் எதற்கு? ராபின்சனோடு அவன் அண்ணனையும் சேர்த்து வரச்சொல்லிவிட்டேன். அடுத்தது மெட்ராஸ், கல்கத்தா, சீமை! வெற்றிலையோடு வந்தீர்களானால் நான் உங்கள் மகன் இல்லை.

பயில்வான் சதாசிவன்

அமரவிளை,
1109 புரட்டாசி 2

சிரஞ்சீவி சதாசிவனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இத்தனை வருசம் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ ஆலப்புழையில் மூட்டை சுமக்கிறாய் என்று கேள்விப்பட்டு இதை அனுப்புகிறேன்.

வாருங்கள் என்றவனும் என் மகன், வராதீர்கள் என்றவனும் என் மகன். எவன் பேச்சைக் கேட்பது? எழ முடியாதவன் பேச்சைக் கேட்டேன். அந்த மார்கழியில் நான் கோதாவில் ஏறி வெற்றிலையை நீட்டினபோது, "எலே கிழவா, மகனுக்குச் சேலை உடுத்திவிடும்" என்று கூவினார்கள். நீ துண்டை உதறிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய். அன்று நீ மல்லுக்கு நின்றிருந்தால் பிணமாகத்தான் தூக்கி வந்திருப்பேன். இன்றும் எனக்கு அதில் சந்தேகமில்லை மக்கா.

இப்போது உறங்குகிறாயா?

அம்மா போன ஆவணியில் போய்ச் சேர்ந்தாள். வைத்தியர் அதற்கும் முன்னே. எனக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, தை காணமாட்டேன். பிறகு நீ வந்தால், கதவு திறக்க ஆளில்லை என்று நினைத்துத் திரும்பிவிடாதே. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உண்டு, உன் பெண்சாதி உமையம்மாள்.