அறுபத்திரண்டுக்கு அடுத்தது

இயேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மகன் ஜெரோமுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை. நான் சுகம், உன் அக்கா டோரினும் சுகம், அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீயும் மருமகளும் சின்னவனும் சுகமாக இருப்பீர்கள், நீ மெல்பேர்ணில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு இருக்கிறாய் என்பது இங்கே எங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. கையில் போன் இருக்க இந்த மனுசி ஏன் கடுதாசி எழுதுகிறாள் என்று யோசிப்பாய், அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன், ஒரு வரியும் தாண்டாமல் வாசி.

இங்கே மழை விட்டபாடில்லை, ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பூசைக்குப் போய் வருகிறேன். டோரின் இன்னும் வெள்ளவத்தையில் அந்தப் பாமசியில்தான், காலையில் பஸ்ஸில் இடிபட்டுப் போய் பின்னேரம் இடிபட்டு வந்து முதுகு நோவுது என்று படுக்கிறாள், பாமசியில் வேலை செய்கிறவளுக்கு ஒரு பூச்சு மருந்து கொண்டுவர நினைவில்லை. எனக்குச் சுகர் கூடிப்போய் பாண் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பாணை விட்டால் இந்த ஊரில் வேறு என்னத்தைச் சாப்பிடுகிறது. முன்கடை மக்கீன் நானா கடைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார், பார்க்கச் சகிக்காத ஒரு பச்சை, அதற்கு மேலே 63 என்று கடை நம்பரை வெள்ளையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். அப்பா இப்போது சனிக்கிழமைகளில் பேலியகொடைக்கு மீன் வாங்கப் போவதில்லை. தனியாகப் போனால் திரும்பி வர பஸ் தெரியாமல் போய்விடுமோ என்று பயம். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக மூட்டை எண்ணின மனுசனுக்கு, பொழுதுபோனால் பேலியகொடை மீன்காரன் ஒவ்வொருவனோடும் சிங்களத்தில் பகிடி விட்டுத் திரிந்த மனுசனுக்கு, பஸ் நம்பர் மறந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தை யார் கொடுத்தது என்று எழுதத்தான் இந்தக் கடுதாசி.

நம் கோவில் திருவிழாவில் நம்பர் கூப்பிடுகிற ஹவுசி விளையாட்டு அப்பா இல்லாமல் நடந்ததாக உனக்கு நினைவிருக்கிறதா? சிவப்புப் பையில் கையை விட்டுக் கட்டையை எடுத்து, நம்பரைச் சொல்லும் முன்னம் அவர் ஒரு பகிடி சொல்லாமல் விட்டதில்லை. பதினொன்று வந்தால் பெட்ரோல் இல்லாத நாளில் ஓடுகிற வண்டி என்று தன் இரண்டு காலையும் காட்டுவார். முப்பத்திரண்டு வந்தால் எல்லோருக்கும் வாயில் இருக்கவேண்டியது, எனக்குப் பாதிதான் மிச்சம் என்று வாயைத் திறந்து காட்டுவார். முப்பத்துமூன்றுக்கு மட்டும் பகிடி இல்லை, ஆண்டவரின் வயது, எழும்பி நில்லுங்கோ என்பார், கார்ட்டைக் கீழே வைத்துவிட்டுச் சனம் முழுக்க எழும்பி நிற்கும். நீ சின்னப் பிள்ளையில் அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கட்டைகளை வாங்கி அடுக்கினவன். அதனால்தான் நீ போன வருஷம் வாட்ஸ்அப்பில் எங்களையும் உன் மாமியார் வீட்டாரையும் சிநேகிதரையும் சேர்த்து அந்த எண்ணுகிற விளையாட்டைத் தொடங்கினபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, தூரத்தில் இருந்தாலும் தகப்பனின் ஆசை தெரிந்த பிள்ளை என்று நானே மக்கீன் நானாவிடம் பெருமையடித்தேன், என் வாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். ஒருவர் ஒரு எண் போட்டு அதைப் பற்றி ஒரு விஷயமோ பகிடியோ எழுத வேண்டும், அடுத்தவர் அடுத்த எண் போட வேண்டும், நூறுக்குப் போய்ச் சேர வேண்டும், போட்ட எண்ணையே திரும்பப் போட்டால் பிழை விட்ட ஆள் கழுதை மாதிரிக் கத்திக் குரலை அனுப்ப வேண்டும், பிறகு எல்லாம் ஒன்றிலிருந்து. இந்தக் கழுதைச் சட்டத்தையும் நீதான் போட்டாய்.

முதலில் அப்பா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா. காலைத் தேத்தண்ணி ஆற ஆற அடுத்த எண்ணுக்கு என்ன எழுதலாம் என்று யோசிப்பார், அறுபத்திநாலு வந்தால் செஸ் போர்டில் கட்டங்கள் அறுபத்திநாலு, என் மனுசி முகத்தில் சுருக்கமும் அவ்வளவுதான் என்று எழுதப்போவதாக எனக்கே முன்கூட்டிச் சொல்லிச் சிரிப்பார். பிறகு பிழைகள் வரத் தொடங்கின. நீ போட்ட எண்ணையே அவர் திரும்பப் போட்டிருப்பார், உடனே நீ, அப்பா கண்ணாடி எங்கே, அப்பா இது நான் போட்ட நம்பர், அப்பா கழுதை ரெடியா என்று எழுதுவாய். அந்த மனுசன் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து இந்த வயதில் கழுதை மாதிரிக் கத்துவார், உன் மாமியார் வீட்டாரும் மச்சான்மாரும் சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாக அடுக்குவார்கள். உன் மச்சான் ஒருவன் அந்தச் சத்தத்தைத் தன் போன் மணியாக வைத்திருக்கிறான் என்று நீயே எழுதியிருந்தாய். அப்பா அதையும் வாசித்துவிட்டு, பரவாயில்லை என்ட சத்தம் அவுஸ்திரேலியா முழுக்கக் கேட்குது என்றார், சிரிக்கத்தான் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மனுசன் மாறிப்போனார். குளியலறையில் தனக்குள்ளே எண்ணிக்கொண்டு நிற்பார், இடையில் நான் கூப்பிட்டால் பதறிப்போய் முதலிலிருந்து தொடங்குவார். செபமாலை சொல்லும்போது மணியை விட்டுவிட்டேனா, விட்டுவிட்டேனா என்று என்னைப் பார்த்துக் கேட்பார். டோரின் அவரை ஒரு மூளை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கோ என்று டொக்டர் சொல்ல, தொண்ணூற்றிமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கடகடவென்று போய், போகிற போக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகிடியும் சொல்லி, டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாராம். உங்களுக்கு ஒன்றும் இல்லை, என்னைவிட நல்ல மூளை என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்த அப்பா டோரினிடம், டொக்டர் நல்ல மனுசன், மனம் நோகாமல் சொல்லுறார், ஆனா பிள்ளை, போனில எழுத்தில கிடக்குதே நான் விட்ட பிழை, அதுக்கு என்ன சொல்ல என்றாராம். அடுத்த ஞாயிறு சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பங்குச் சுவாமியிடம் கொடுத்துவிட்டார். சுவாமி, சனத்துக்கு முன்னால நம்பரை மாத்திச் சொல்லி நான் பகிடியாப் போகக்கூடாது, வேற ஆளைப் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார், நான் சாப்பாட்டை மூடி வைத்தேன், மூடினபடியே இருந்தது.

இப்போது நன்றாக வாசி. மக்கீன் நானா இந்த விளையாட்டில் இல்லை, ஆனால் தன் கடை நம்பர் வரும்போது தனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு வைத்திருந்தார். நீ அறுபத்திரண்டு போட்ட அன்று அப்பா போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார், இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து, 63, கொட்டாஞ்சேனையில் கடன் கொடுக்காத ஒரே கடை, என்று ஒற்றை விரலால் தேடித் தேடி எழுதி அனுப்பினார்கள். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் உன் பதில், அறுபத்துமூன்று நான் போட்டாயிற்று, கழுதை எங்கே என்று. பார்த்தால் உன் எண் அறுபத்துமூன்றாக நிற்கிறது, அறுபத்திரண்டு எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில் அவர் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து மக்கீன் நானா வாசலுக்கு வந்தார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. யூஜினா அக்கா, மகன் போட்டது அறுவத்திரெண்டு, நான் ரெண்டு கண்ணாலயும் கண்ட, என்ட கடை நம்பருக்கு முந்தின நம்பர் எனக்கு மறக்குமா, ஒரே நேரத்தில எங்க ரெண்டு பேருக்குமா மூளை கெட்டுப்போச்சு என்று கேட்டார். நான் டோரினை எழுப்பிப் போனைக் காட்டச் சொன்னேன். அவள் உன் எண்ணுக்குப் பக்கத்தில் எடிட்டட் என்று சின்னதாக நிற்கிற ஒரு சொல்லில் விரலை வைத்து, அம்மா, போட்டுவிட்டுப் பிறகு மாத்தியிருக்கிறான் என்றாள். மேலே மேலே போய்ப் பார்த்தோம். அப்பா கழுதையாகக் கத்தின ஒவ்வொரு இடத்திலும் உன் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நிற்கிறது. தொடக்கத்தில் பெரிதாக எழுதினவன் பிறகு வெறும் எண்ணும் ஒரு சிரிக்கிற மூஞ்சியுமாகப் போட்டது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது, எண் மட்டும் என்றால் மாற்றுவது லேசு.

டோரின் உன்னைக் கேட்டதும், சும்மா பகிடிக்குத்தானே, இதைப் போய் ஏன் பெரிசாக்குறீங்க, என்ட பிரெண்ட்ஸ் எல்லாம் அந்தக் கழுதைக்குத்தான் காத்திட்டு இருக்கிறாங்க என்று நீ எழுதினதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நன்று மகன். உன் சிநேகிதருக்குச் சிரிக்கக் கழுதை வேண்டுமென்றால் உன் வீட்டில் கண்ணாடி இருக்கும், அதற்கு முன்னால் நின்று நீ கத்தியிருக்கலாம். உன்னைப் பெற்ற வயிறு இது, என் வாயால் உனக்குச் சாபம் வராது. ஆனால் சின்னவன் இப்போது ஒன்று, இரண்டு, மூன்று சொல்லப் பழகுகிறான் என்று மருமகள் வீடியோ அனுப்பியிருந்தாள், வடிவாகச் சொல்லுகிறான். நன்றாக எண்ணப் பழக்கு. உனக்கும் வயது போகும், அவனும் உன்னோடு விளையாடுவான்.

இனி உனக்குத் தெரியாதது. நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனுசன் துள்ளி எழும்பி, பையைத் திரும்ப வாங்க ஓடுவார் என்று நினைத்தேன். டோரின் போனைப் பிடித்து அந்தச் சொல்லைக் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, பாவம் பிள்ளை, நான் விட்ட பிழையை மறைக்கத் தன்ட நம்பரை மாத்திப் பாத்திருக்கிறான், சரிவரேல்லப் போல என்றார். மக்கீன் நானாவும் பார்த்தாரே என்றேன். மக்கீனுக்கும் வயசு போச்சு என்றார். நான் பொறுக்காமல், உங்கட மகன்தான் உங்களைப் பைத்தியக்காரனாக்கிச் சிரிக்கிறான் என்று கத்திவிட்டேன். அவருக்கு என்மேல் வந்த கோபம்! கலியாணம் கட்டின நாளிலிருந்து அப்படி ஒரு கோபத்தை நான் கண்டதில்லை. என்னை ஆறுதல்படுத்த என்று பெத்த பிள்ளைமேல பழி போடுறியே, நீயெல்லாம் ஒரு தாயா, என்ட மகன் அப்படிச் செய்வானா, எனக்குத்தான் மூளை பிசகிப்போச்சு, அதை என்னால தாங்கேலும், நீ சொல்லுறதைத் தாங்கேலாது என்றார். ஜெரோம், அந்த மனுசன் தன் மூளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உன்னை வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் டோரினுக்கும் இப்போது இந்த வீட்டில் வாய் இல்லை, டோரினோடு அவர் முகம் கொடுத்துக் கதைப்பதே இல்லை, தம்பியை மாட்டிவிடப் பார்த்தவள் என்று.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். எழுதாதே, உன் எழுத்தை நம்ப எனக்கு இனி ஏலாது, போனில் கோல் எடுத்து உன் வாயால், நான்தான் மாற்றினேன், நீங்கள் ஒரு தடவையும் பிழை விடவில்லை என்று சொல். சொன்னால் அவர் உன்னை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், அதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாய் என்றும் தெரியும். திருவிழா வருகிற ஞாயிற்றுக்கிழமை. பங்குச் சுவாமி அந்தப் பையை வேறு யாருக்கும் கொடுக்காமல் சனிக்கிழமை வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். டோரினின் சிநேகிதி மெல்பேர்ண் வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைக்கும், கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பாததற்குக் காரணம், அப்பா எல்லோருடைய போனையும் வாங்கிப் பார்க்கிறார், தன் பிழையைத் தேடுகிறார். மற்றக் காரணம், நான் எழுதினது எழுதினபடியே உன் கையில் கிடக்க வேண்டும்.

மருமகளுக்கு என் அன்பு, சின்னவனுக்கு என் முத்தம், அவனுக்குக் குளிர் படாமல் பார். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார், அவர் பெரிய மனசுக்காரர், என் ஆசீர்வாதம் நீ கோல் எடுத்த பிறகு. மறக்காதே, சனிக்கிழமைக்கு முன்னம். இன்று காலை அப்பா பயந்து பயந்து விளையாட்டைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார், நீ பார்த்துவிட்டாய் என்று டோரின் சொன்னாள். 1, எனக்கு இருப்பது ஒரே ஒரு மகன், என்று எழுதிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உன் இரண்டுக்குக் காத்திருக்கிறார். இரண்டைப் போட்டுவிடாதே மகன், கோல் எடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
யூஜினா