பெயர் சொல்லாமல் வருபவர்கள்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போன தடவை நீ போட்ட பதில் ஒன்றரை வரி. தண்ணீர்ப் பரிசோதனைக் குப்பியில் ஒட்டும் சீட்டில்கூட நீ அதைவிட அதிகமாக எழுதுவாய்.

போன் வேண்டாம் என்று நாம் சேர்ந்துதான் முடிவு செய்தோம். உன் பழைய எண்ணின் அழைப்புப் பட்டியலை எப்படியோ எடுத்து, நீ ஒளிந்திருந்த தோழி வீட்டு வாசலில் உன் புருஷன் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதுவும் குளோரின் லாரி ஓட்டுநர் அண்ணன் கையில் வருகிறது. திங்கள்தோறும் அவர் மலையில் இருக்கும் உன் மேல்நிலையத்துக்கு வருவது நம் நல்ல நேரம். நாம் இருவரும் ஒரே குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்.

அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, வாய்தான் ஓயவில்லை. “எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுடி, நான் யார்கிட்ட சொல்லப் போறேன்” என்று தினமும் ஒரு பாட்டு. நான் வாயைத் திறக்கவில்லை. போன வாரம்தான் தையல்காரரிடம் என் ரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று சொல்லிவிட்டு வந்தாள். பேத்தியைப் பார்க்காமல் அவள் ஏங்குவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய.

இங்கே அலுவலகத்தில் மூச்சு விட நேரமில்லை. எங்கள் மேலாளரைத் தெரியுமல்லவா, ‘அவசரம்’ சார். அவர் கேட்டபடி புது டைரக்டரி சர்வர் நிறுவுகிறேன். பயப்படாதே, விஷயம் சின்னதுதான். வாரியத்தில் வேலை பார்க்கும் எல்லாருடைய விவரமும் ஒரே இடத்தில் இருக்கும். நீ கணினியில் நுழையும்போது உன் கணினி அந்த சர்வரிடம், இந்தப் பெயரில் ஆள் உண்டா, கடவுச்சொல் சரியா என்று கேட்கும். இதுவரை ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனிப் பட்டியல். ஓய்வு பெற்று மூன்று வருடமான பம்ப் ஆப்பரேட்டர் பெயரில் இன்னும் யாரோ உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூத்து இனி இல்லை.

நிறுவும்போது அது கேட்கும் கேள்விகள்தான் தலைவலி, பெண் பார்க்க வந்த வீட்டார் தோற்றுப்போவார்கள். இயந்திரத்தின் முழுப்பெயர் என்ன, எந்தப் போர்ட்டில், அதாவது எந்த எண்ணுள்ள வாசலில், காது கொடுக்க வேண்டும், பூட்டிய பாதைக்கு எந்தப் போர்ட், பெயர்களெல்லாம் தொங்கப்போகும் மரத்துக்கு வேர் எது, தலைமை நிர்வாகியின் பெயர் என்ன, அவர் கடவுச்சொல் என்ன, வந்து போகிறவர்களின் குறிப்பை எத்தனை நாள் வைத்திருப்பது. இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி ஒரு கோப்பில் வைத்துவிட்டால், நிறுவல் தானே ஓடி முடிந்துவிடும். அதற்கு விடைக்கோப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன். இரண்டு வாரம் சோதனை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு விடையையும் திருத்தினேன். சனிக்கிழமை நிஜ இயந்திரத்தில் ஓட்டினேன். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. ‘அவசரம்’ சார் ஒன்பதாவது நிமிடமே “ஆச்சாம்மா, ஆச்சாம்மா” என்று வந்து நின்றார்.

ஒரு கேள்வியில் மட்டும் அவருக்கும் எனக்கும் லேசாக முட்டிக்கொண்டது. பெயர் சொல்லாமல் வருபவர்களைப் படிக்க விடலாமா என்பது அந்தக் கேள்வி. நான் கூடாது என்றேன். அவரோ, மேசைத் தொலைபேசிகளும் நகலெடுக்கும் இயந்திரங்களும் ஆட்களின் பெயரைக் காட்ட வேண்டும், அவை கடவுச்சொல் போடாது என்றார். “பேரும் எக்ஸ்டென்ஷனும்தானேம்மா, யாரு பாக்கப் போறாங்க?” என்றார். சரி, பெயரும் மேசை எண்ணும் மட்டும் தெரியட்டும், மற்றதை மறைக்கத் தனியாக ஒரு விதி எழுதுகிறேன் என்று சொல்லி, அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று வைத்தேன். விதியும் எழுதிச் சோதித்துப் பார்த்தாயிற்று. முகவரி, வீட்டு எண் எதுவும் வெளியே தெரியவில்லை.

அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போன வருடம் வரை மாதம் ஒருமுறையாவது நம் தெருமுனையில் நின்று சிரித்துவிட்டுப் போவான். ஐந்து மாதமாக அதுவும் இல்லை. திருந்திவிட்டான் போலிருக்கிறது என்கிறாள் அம்மா. உன் கையை முறித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்து எல்லாரிடமும் சிரித்துப் பேசியவன் அவன். அவன் சத்தமில்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பாப்பாவுக்குப் பெரியம்மாவின் முத்தங்கள். குளிரில் காதை மூடச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா

------

வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உட்கார்ந்து நிதானமாகப் படி. பாப்பா பக்கத்தில் இருந்தால் அவளை விளையாட விட்டுவிட்டுப் படி.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் ஒரு விதி எழுதியதாகப் பெருமையடித்தேன் அல்லவா, அதை எழுதியது சோதனை இயந்திரத்தில். அந்த விதி இருப்பது விடைக்கோப்பில் அல்ல, பெயர்கள் தொங்கும் மரத்துக்குள்ளேயே. விடைக்கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நிஜ இயந்திரத்தில் ஓட்டினேன். ‘ஆம்’ என்ற விடை போயிற்று, மறைக்கும் விதி போகவில்லை. சோதனை இயந்திரத்தில் சரியாக இருந்ததால் இங்கே மறுபடி பார்க்கவும் இல்லை. பதினெட்டு வருட வேலை அனுபவம் எனக்கு. வெட்கக்கேடு.

ஊழியர் பிரிவு தன் முழுப் பட்டியலையும் ஏற்றியிருந்தது. வீட்டு முகவரி, குடியிருப்பு எண், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயர், அவர் எண், எல்லாம். ஒன்பது வேலை நாட்கள் அது வாரியத்துக்குள் யார் கேட்டாலும் படிக்கத் திறந்து கிடந்தது. நேற்று மதியம் யதேச்சையாக வந்துபோனவர்களின் குறிப்பைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

ஆயிரக்கணக்கான வரிகள். எல்லாம் தொலைபேசிகளும் நகல் இயந்திரங்களும் கேட்ட சில்லறைக் கேள்விகள். நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. பெயர் சொல்லாமல் வந்து, அவசரத் தொடர்பு எண் இதுவாக உள்ள ஊழியர் யார் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த எண் என்னுடையது.

உனக்குப் புரிகிறதா? தேடியது உன் பெயரை அல்ல. உன் பெயரை நாம் மாற்றிவிட்டோம், இனிஷியலை மாற்றிவிட்டோம், ஊரை மாற்றிவிட்டோம். நீ எங்கே இருந்தாலும் ஒரு படிவத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் அக்கா எண்ணைத்தான் எழுதுவாய் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. நீ அந்த இடத்தை வெறுமையாக விடப் பார்த்தாய், ஞாபகம் இருக்கிறது. எழுதுடி, நாளைக்கே ஒன்று ஆனால் எனக்கு யார் சொல்வார்கள் என்று சண்டை பிடித்து எழுத வைத்தவள் நான். கிடைத்த விடை ஒன்றே ஒன்று. உன் பெயர், மேல்நிலையம், ஊழியர் குடியிருப்பு, கதவு எண் வரை. அதே கேள்வியை மூன்று நாட்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை பார்த்ததை எதற்கு மறுபடியும் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. பார்த்து ரசித்திருப்பார்களோ என்று தோன்றுகிறது.

கேள்வி வந்தது இரண்டாம் மாடி நகல் இயந்திரம் இருக்கும் இணைப்பிலிருந்து. இயந்திரம் இப்படியெல்லாம் கேட்காது. யாரோ அதன் வயரைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகியிருக்க வேண்டும்.

நேற்றே ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ ஆக்கிவிட்டேன். தொலைபேசிகளில் பெயர் தெரியவில்லை என்று காலையிலிருந்து எல்லாரும் கத்துகிறார்கள், கத்தட்டும். ‘அவசரம்’ சாரிடம் உன் கதை முழுவதையும் சொன்னேன். அவர் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம், “நான்தாம்மா யாரு பாக்கப் போறாங்கன்னு கேட்டேன்” என்றார். வாசல் காவலரிடம் வருகைப் பதிவேட்டை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது விளையாட்டுக்குச் செய்ததாக இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நிலையத்துக்கு இன்று மூன்று முறை போன் செய்தேன். தண்ணீர் மாதிரி எடுக்க மேல் நீர்த்தேக்கங்களுக்குப் போயிருக்கிறாய், பாப்பாவும் கூடத்தான் இருக்கிறாள், செவ்வாய் மதியம்தான் திரும்புவாய் என்றார்கள். அங்கே போன் எடுக்காதாமே. லாரி வரும் திங்கள்வரை இந்தக் கடிதம் என் பைக்குள்தான் இருக்கும்.

------

திங்கள், காலை பத்து மணி

மேலே இருப்பது வெள்ளியன்று எழுதியது. கிழித்துப்போட நேரமில்லை, சேர்த்தே அனுப்புகிறேன். லாரி கீழே நிற்கிறது.

அவனேதான். போன மாதம் நகல் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் அனுப்பும் மெக்கானிக் அவன். பதிவேட்டில் அவன் பெயரும் கையெழுத்தும் அந்த மூன்று நாளிலும் இருக்கின்றன. உன்னைத் தேடி வந்தானா, என்னைக் கண்காணிக்க வந்த இடத்தில் கதவு திறந்து கிடந்ததா, தெரியவில்லை. இனி அது எதற்கு.

பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கினால் எதிரே நிற்கிறான். கையில் கருவிப் பெட்டி, சட்டையில் அட்டை, அதே சிரிப்பு. “என்னக்கா, நல்லா இருக்கீங்களா? அம்மா முட்டி எப்படி இருக்கு?” என்றான். சுற்றிலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள், அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். குனிந்து, ரொம்ப அக்கறையாகச் சொன்னான். “மேல இப்ப குளிரு ஜாஸ்தியாமே அக்கா. சின்னப் புள்ளய வச்சிக்கிட்டுத் தனியா என்ன கஷ்டப்படுறாளோ.” சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டான். என்னால் கத்தக்கூட முடியவில்லை, என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

‘அவசரம்’ சார் உடனே அவன் நிறுவனத்துக்குப் போன் போட்டார். புதன்கிழமை மேல்நிலையத்து இயந்திரத்தைப் பழுது பார்க்க அவன் பெயரில் வேலை பதிவாகியிருக்கிறது. நிலையத்தில் கேட்டால் எங்கள் இயந்திரம் நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறார்கள். நிறுவனத்துக்காரர்கள் வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவன் போனை எடுக்கவில்லையாம். அவன் உன்னை நெருங்கக் கூடாது என்ற கோர்ட் உத்தரவின் நகலோடு காவல் நிலையத்துக்கு சாரே போயிருக்கிறார். நான் காவல் நிலையத்தில் போனில் கேட்டபோது, “இன்னும் அவங்க பக்கத்துல அவரு போகலையேம்மா” என்றார்கள். போனபிறகு சொல்லி என்ன செய்ய?

இப்போது நான் சொல்வதை அப்படியே செய். லாரி அண்ணன் இன்றே மேலே வந்து காத்திருந்து, செவ்வாய் மதியம் நீர்த்தேக்கச் சாலையில் உன்னை வழியிலேயே பிடித்து இதைக் கொடுப்பார். குடியிருப்புக்குப் போகாதே. துணி எடுக்கக்கூடப் போகாதே. பாப்பாவின் பொம்மை, அவளுடைய தலையணை, எதற்கும் அழுதாலும் போகாதே. பாப்பாவோடு லாரியில் ஏறு. அண்ணன் எங்கே கொண்டுவிடுவார் என்று நான் கேட்கவில்லை, அவரையும் சொல்ல வேண்டாம் என்றேன். வேறு நிலையத்துக்கு மாற்றும் உத்தரவை இடத்தின் பெயர் போடாமல் சார் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். அது இதோடு இருக்கிறது, இடத்தை நீயே எழுதிக்கொள். அந்த உத்தரவு எந்தக் கணினிக்குள்ளும் ஏறாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் விவரத்தை மரத்திலிருந்து நானே அழித்துவிட்டேன். அவன் தலைக்குள் போனதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

நான் ஏன் வரவில்லை என்று நினைப்பாய். அங்கே உன்னைக் காணாவிட்டால் அவன் அடுத்து வருவது அம்மா வீட்டுக்குத்தான். நான் இங்கேதான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு உன் ஊர் தெரியாமல் வைத்ததற்கு இரண்டு வருடமாகத் திட்டு வாங்கினேன். இப்போது எனக்கும் தெரியக் கூடாது.

போய்ச் சேரும் இடத்தில் மறுபடி ஒரு படிவம் கொடுப்பார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுது, பள்ளிக்கூட ஆயா பெயரை எழுது. உடன்பிறந்தவர் உண்டா என்று கேட்டால் இல்லை என்று எழுது. கை கூசும், எழுதிவிடு. நம் இருவருக்கும் அம்மா ஒரே வயிற்றில் இடம் கொடுத்ததை எந்தப் படிவமும் மாற்றிவிடாது.

என்னை மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். அதைப் படித்துக்கொண்டு நிற்க உனக்கு நேரமில்லை. ஏறு, கதவைச் சாத்து, திரும்பிப் பார்க்காதே. நீயும் பாப்பாவும் நன்றாக இருங்கள், நூறு வருடம் நன்றாக இருங்கள்.

கீழே பெயர் போடவில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியும்.